வலது முன்னங்காலுக்கு ஒரு ஷூ

"கத்தரியை அப்படி நுழைக்காதக்கா, தோலோட சேர்த்து வெட்டிடப் போற—"

"என் தையல் எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்குத் தெரியாதா, நீ அவன் வாயைப் பிடி—"

"பிடிச்சுட்டுத்தானே இருக்கேன், முதல்ல அந்தப் பக்கத்துல—"

"பேசாம பிடிடா. நீ பேசப் பேச அவன் காலை இழுக்கிறான்."

சோபா உறை தைக்கிற மேஜையின் மேல் பம்பரம் ஒருக்களித்துக் கிடந்தான். மூன்று வயது நாய். ஓரிடத்தில் நிற்காமல் சுழன்றுகொண்டே இருப்பதால் அந்தப் பெயர். இன்று காலை தம்பி சங்கிலியை எடுத்துக் குலுக்கியும் எழுந்திருக்கவில்லை. கிட்டே போய்க் குனிந்தபோதுதான் வாடை வந்தது.

அக்கா ஒவ்வொரு தையலாக வெட்டினாள். ரெக்ஸினும் டயர் டியூபும் வைத்து, வாயில் எலாஸ்டிக் கோத்து அவளே தைத்த ஷூ அது. நாயின் வலது முன்னங்காலில் மூன்று நாளாக இருந்தது. கடைசித் தையல் விட்டதும் அது கழன்று வந்தது.

"எலாஸ்டிக் எங்கக்கா?"

கால் விரல்கள் நான்கும் வீங்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, கத்திரிக்காய் நிறத்தில் இருந்தன. கணுக்கு மேலே முடிக்குள் ஒரு கோடு மட்டும் தெரிந்தது.

"அக்கா, எலாஸ்டிக் எங்கன்னு கேக்கிறேன்."

"உள்ள போயிருச்சுடா."

தம்பி பம்பரத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அக்கா கதவைப் பூட்ட மறந்துவிட்டுப் பின்னால் ஓடினாள்.

*

பம்பரத்துக்கு வெயில், மழை, விடுமுறை எதுவும் கிடையாது. விடிந்ததும் ஓட வேண்டும். தம்பிக்கு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை. நாளெல்லாம் நடக்கிறவன் காலையில் நாய்க்காகவும் ஒரு மணி நேரம் நடப்பான். அக்கா சிரிப்பாள். "நீ அவனைக் கூட்டிட்டுப் போறியா, அவன் உன்னை இழுத்துட்டுப் போறானா?"

"எப்படியோ போறோம்ல. நீ உன் மெஷினைப் பாரு."

மனைவி விட்டுப் போன பிறகு தம்பி யாரோடும் சேர்ந்து எங்கும் போனதில்லை. வேலை முடிந்தால் வீடு, வீட்டில் சுவர். நாய் வந்த பிறகுதான் மைதானத்தில் நாலு பேர் அவனிடம் நேரம் கேட்டார்கள், நாயின் வயதைக் கேட்டார்கள், அவனும் பதில் சொன்னான். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொன்னால் அவன் போகாமல் நின்றுவிடுவானோ என்று சொல்லாமலே இருந்தாள்.

மைதானத்துக்கு ஒரே ஒரு தெருதான் வழி. அந்தத் தெருவில் முகப்பெல்லாம் கண்ணாடி வைத்த பழைய அலுவலகக் கட்டிடம் ஒன்றை இரண்டு மாதமாக இடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய துண்டுகளை அள்ளிப் போனார்கள். சர்க்கரை மாதிரி சிதறியது அப்படியே கிடந்தது. தம்பி குனிந்து குனிந்து ஓரமாக நடத்திப் போவான். பம்பரத்துக்கு ஓரம் என்றால் என்ன என்று தெரியாது. இரண்டு தடவை கீறல். மூன்றாவது தடவை ஆழமாகவே வெட்டிவிட்டது. டாக்டர் மருந்து வைத்துக் கட்டி, பத்து நாள் ஓடக் கூடாது என்றாள்.

இரண்டாம் நாளே பம்பரம் ஒரு வாடிக்கையாளரின் சோபா மெத்தையைக் கிழித்து அறை முழுவதும் பஞ்சைப் பரப்பிவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"இவனை வீட்டுல வச்சிருந்தா நான் கடையை மூடிட்டு நாயோட சேர்ந்து குரைக்க வேண்டியதுதான். ஷூ தச்சுத் தரேன், மெதுவா நடத்திக் கூட்டிட்டுப் போ" என்றாள் அக்கா.

முதல் ஷூ சாக்கடையில் போனது. இரண்டாவது மைதானத்தில் எங்கோ. மூன்றாவதைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு வந்து அக்காவின் காலடியில் வைத்தான். "பாருக்கா, ரிப்பேருக்குக் கொண்டாந்திருக்கான்" என்று தம்பி சொன்னபோது அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தைத்தது நிற்கவில்லை என்று இதுவரை அவளிடம் ஒருவரும் வந்ததில்லை. நாலாவது ஷூவின் வாய்க்குள் எலாஸ்டிக் கோத்தாள். காலில் மாட்டி, ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். நுழைந்தது. அப்படியே காலிலேயே வைத்து வாயைச் சேர்த்துத் தைத்துவிட்டாள்.

"இனிமே இதைக் கழட்டணும்னா கத்தரியோட எங்கிட்டதான் வரணும்" என்றாள்.

*

"மூணு நாளா கழட்டவே இல்லையா?" என்று கேட்டாள் டாக்டர்.

சின்ன வயதுப் பெண். வலிக்கு ஊசி போட்டு, முடியை மழித்து, எலாஸ்டிக்கை இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டிருந்தாள். எடுத்த இடத்தில் பள்ளம்.

"போடும்போது ஒரு விரல் நுழைஞ்சுதும்மா. நான் பார்த்துட்டுத்தான் தச்சேன்" என்றாள் அக்கா.

"அன்னைக்கு நுழைஞ்சிருக்கும்மா. உள்ள புண்ணு. பொத்தி வச்சதுல வீங்கியிருக்கு. வீங்கினா எலாஸ்டிக் இடம் கொடுக்காது, இறுக்கும். இறுக்கினா இன்னும் வீங்கும்."

"இருபத்தெட்டு வருஷமா அளவு எடுக்கிறேன். எந்த சோபாவும் ராத்திரியோட ராத்திரியா வீங்கினதில்லம்மா."

டாக்டர் அவளைப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள். "வெளிய போறப்ப மட்டும் கால்ல ஏதாவது மாட்டுங்க, வீட்டுக்கு வந்ததும் கழட்டிக் காத்தாட விடுங்கன்னு உங்ககிட்ட சொன்னேனே ஐயா."

தம்பி தட்டில் கிடந்த எலாஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொன்னாங்களாடா?" என்றாள் அக்கா.

"சொன்னாங்க."

"இதைக் கடிச்சுப் பிய்க்கப் பார்த்திருப்பானே. சும்மா விட மாட்டாங்க. கடிக்கலையா?" என்று கேட்டாள் டாக்டர்.

இப்போது அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "கடிச்சான். நான்தான் ஓரத்துல மிளகாய்த்தூள் தடவினேன். அப்புறம் கடிக்கல."

டாக்டர் கையுறையைக் கழற்றினாள். திட்டியிருந்தால் இருவருக்கும் தேவலையாக இருந்திருக்கும்.

"ரத்தம் திரும்பி ஓடுதான்னு பார்க்கணும். இங்க கூண்டுல போட்டா பதறுவான், வீட்டுக்கே கொண்டு போங்க. தேய்க்காதீங்க, வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீங்க, கட்டுப் போடாதீங்க. அரை மணிக்கு ஒரு தடவை விரலைத் தொட்டுப் பாருங்க. சூடு திரும்பினா நல்லது. அஞ்சு மணிக்குக் கொண்டு வாங்க."

"திரும்பலைன்னா?"

"விரலோட நிறுத்த முடியாதும்மா. மேல வரைக்கும் எடுக்க வேண்டியிருக்கும்."

"மூணு கால்ல ஓட முடியுமா?" என்று தம்பி கேட்டான்.

"நடப்பாங்க. நல்லாவே நடப்பாங்க."

அவன் கேட்டது அதுவல்ல என்று டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்தவரை உள்ளே அழைத்தாள்.

*

பூட்டாமல் போன கதவு திறந்தே கிடந்தது. உள்ளே எதுவும் களவு போகவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் மெத்தையைப் போட்டுப் பம்பரத்தைக் கிடத்தினார்கள். மருந்து மயக்கத்தில் கண் பாதி மூடியிருந்தது. தம்பி ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம்.

"கழட்டச் சொன்னாங்கன்னு எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ தச்சு முடிச்சுட்ட. அப்புறம் என்னத்தச் சொல்ல."

"அவிழ்த்திருக்கலாம்ல. உனக்குக் கை இல்லையா?"

"வெட்டணும்ல. வெட்டியிருந்தா நீ விட்டிருப்பியா? ரெண்டு ஷூவைத் தொலைச்சதுக்கே நாலு நாள் எங்கிட்ட பேசல."

"ரெண்டு நாள்."

"நாலு நாள்க்கா. சாப்பாட்டை மேஜையில வச்சுட்டு நாய்கிட்ட சொல்லி அனுப்பின, உங்க ஐயாவைச் சாப்பிடச் சொல்லுடான்னு."



"பேசலைன்னா என்னடா. நான் பேசாததால ஒருத்தன் செத்துடுவானா? என் வாய்க்குப் பயந்துட்டு ஒரு ஜீவனைப் பலி குடுக்கணுமா?"

"நீ மட்டும் என்ன. அவன் கடிச்சுக் காட்டினான், நீ மிளகாய்த்தூள் வச்ச."

"ஆமாம். வச்சேன்."

அவள் அப்படி ஒரேயடியாக ஒத்துக்கொண்டதும் சண்டை பாதியில் நின்றது.

"நேத்து மெஷின் மிதிக்கிறேன்," என்றாள் அக்கா கொஞ்சம் கழித்து, "என் கால் மேல வந்து இந்தக் காலை வச்சான். எடுடா, தையல் கோணுதுன்னு தள்ளிவிட்டேன். மறுபடி வச்சான். மறுபடி தள்ளினேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவ கதையாப் போச்சு. அந்தக் கண்ணாடி என்ன செஞ்சிருக்கும்? ஒரு கீறல். பத்து நாள்ல ஆறியிருக்கும்."

"சும்மா இரு, அக்கா."

"நீ தொட்டுப் பார்த்தியா? அரை மணி ஆச்சு."

தம்பி இரண்டு விரலால் மெல்லத் தொட்டான். "சூடாத்தான் இருக்கிற மாதிரி இருக்கு."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டரை.

ஒரு மணிக்கும் அதையேதான் சொன்னான். ஒன்றரைக்கும். இரண்டு மணிக்கு ஒரு வாடிக்கையாளர் வாசலில் வந்து நின்று நாற்காலி உறை ஆயிற்றா என்று கேட்டார். "இன்னைக்கு இல்லங்க" என்றாள் அக்கா. "நேத்தே தரேன்னு சொன்னீங்களே?" "நேத்து உங்க உறையைத்தான் தச்சுட்டு இருந்தேன்" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மெத்தையில் கிடந்த நாயைப் பார்த்துவிட்டு, பாவம், வயசாயிடுச்சா என்று கேட்டுவிட்டுப் போனார்.

"மூணு வயசுன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றான் தம்பி.

"சொல்லி?"

மூன்று மணிக்குப் பம்பரம் தூக்கத்தில் காலை அசைத்தான். இடது முன்னங்காலும் இரண்டு பின்னங்கால்களும் வேகவேகமாக உதைத்தன. ஓடுகிற கனவு. வலது முன்னங்கால் மட்டும் மெத்தையில் சும்மா கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்காதது போல இருந்தார்கள்.

"எப்படி இருக்கு?"

"இருக்கு. சூடு இருக்கிற மாதிரிதான்."

"மாதிரி மாதிரின்னே சொல்ற."

"நான் என்ன டாக்டரா? நீ தொட்டுப் பாரேன்."

அக்கா கையை நீட்டினாள். மழித்த இடத்துக்கு மேலே வந்ததும் கை நின்றது. தொடாமலே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய் நாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். பம்பரம் நாக்கை ஒரு தடவை நனைத்துவிட்டு அவள் விரல்களை நக்கினான்.

"என்னை நக்காதடா," என்றாள் அவள். "போய்க் கடி. கடிக்க வேண்டிய ஆளுதான் நான்."

நாலரைக்குத் தம்பி தொட்டான். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு, நாயின் காதைத் தடவ ஆரம்பித்தான். வலது காதையே தடவிக்கொண்டிருந்தான்.

"கிளம்பணும்டா. நடந்து போக இருபது நிமிஷம்."

"போலாம்."

"போலாம்னு சொல்லிட்டு உக்காந்தே இருக்க."

"போலாங்கிறேன்ல."

அவன் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டரையில் இருந்து அவன் ஒரே ஒரு காலைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறான் என்பதை அக்கா அப்போதுதான் கவனித்தாள். பக்கத்திலேயே நல்ல கால் இருந்தது. மெத்தையை ஒட்டி, ஒரு சாண் தூரத்தில். சூட்டை ஒப்பிட்டுப் பார்க்க அதன் மேல் அவன் கை ஒரு தடவைகூடப் போகவில்லை.

அவள் கீழே அவன் பக்கம் வந்து உட்கார்ந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு கையை இந்தக் கால்ல வை, இன்னொரு கையை அந்தக் கால்ல வை. வச்சுட்டு எங்கிட்ட நிஜத்தைச் சொல்லுடா தம்பி."