ஒரு காலில் மட்டும் சாக்ஸ்

கால்மாட்டில் விலகியிருந்த போர்வையைச் சரிசெய்யப் போனவளின் கை அப்படியே நின்றுவிட்டது. அப்பாவின் வலது காலில் சாக்ஸ் இருந்தது. இடது கால் வெறுங்காலாகக் கிடந்தது.

வீட்டுக்குள் அப்பா சாக்ஸ் போட்டு அவள் பார்த்ததே இல்லை. வேலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே உருவிப் போட்டுவிடுவார். இது வேலைக்குப் போட்டுக்கொள்கிற சாம்பல் நிறச் சாக்ஸ்தான். எத்தனை முறை துவைத்தாலும் போகாத கிரீஸ் கறை கணுக்கால் பக்கம் இருந்தது.

"அம்மா, இதை யாரு போட்டுவிட்டது?"

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா நிமிராமலே சொன்னாள். "நான்தான். கால் சில்லுன்னு இருந்துச்சு."

"ஒரு கால் மட்டுமா சில்லுன்னு இருந்துச்சு?"

அம்மா எழுந்து வந்து போர்வையை இழுத்து மூடினாள். "அதைத் தொடாத. போய் முகம் கழுவிட்டு வா."

சந்தேகப்படுவதுதான் அவளுக்குப் பிழைப்பே. பெரிய கடையொன்றில், விற்ற பொருளைத் திருப்பி வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள். "பெட்டியைப் பிரிக்கவே இல்லைங்க" என்று சத்தியம் செய்பவரின் இஸ்திரிப் பெட்டியைத் திருப்பினால் அடியில் கருகிய துணி ஒட்டியிருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவர்களைத் தினமும் பார்த்துப் பழகிய கண் அது. காலையில் செய்தி வந்து, பஸ் பிடித்து ஓடிவந்து, இந்த வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அவள் அந்தக் கண்ணால்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் சரியாகப் படவில்லை.

சித்தப்பாவின் அவசரம் சரியாகப் படவில்லை. அவர் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு, "நாலு மணிக்கு வண்டி வந்துடும். எல்லாம் சொல்லியாச்சு" என்று அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்.

"டாக்டர் சரியாத்தான் பார்த்தாரா சித்தப்பா?"

"பார்க்காம என்ன? கீழ்த்தெரு கிளினிக்காரர்தான். கூப்பிட்டதும் வந்தாரு, அஞ்சு நிமிஷத்துல எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாரு."

"அஞ்சு நிமிஷத்துல என்ன தெரியும்?"

சித்தப்பா அவளை ஒரு மாதிரி பார்த்தார். "ஏம்மா, போன உயிரு அரை மணி நேரம் பார்த்தா மட்டும் திரும்பி வந்துடுமா?"

போன உயிரா என்பதுதான் அவளுடைய கேள்வியே. அதை வாய்விட்டுக் கேட்டால் பைத்தியம் என்பார்கள். அப்பா மாட்டிக்கொண்டிருக்கலாம் என்று அவள் சந்தேகப்பட்டாள்.

ஊரில் அதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். பள்ளிக்கூடம் போகிற வயதில் அவளுக்கு முதன்முதலாக வந்தது. விழித்துக்கொண்டாள், கண் திறந்திருந்தது, சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியவில்லை. கதவோரம் நின்ற நிழலொன்று மெல்ல வந்து மார்மேல் உட்கார்ந்தது. கத்தினாள், சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை. மறுநாள் அழுதுகொண்டே சொன்னபோது, "கண்டதை நினைச்சுக்கிட்டுப் படுத்தா அப்படித்தான்" என்று அம்மா வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அப்பா மட்டும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "உனக்குமா?" என்றார். பாம்பின் கால் பாம்பறியும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எது பழுதானாலும் அவருக்கு அது லிஃப்டில் போய்த்தான் முடியும். "கரண்ட் இருந்தாத்தான் லிஃப்டுக்கு பிரேக் விடும். போச்சுன்னா கப்புன்னு பிடிச்சுக்கும். தூங்குறப்ப உடம்புக்கும் அப்படி ஒரு பிரேக் விழுது. இல்லேன்னா கனவுல ஓடுறவன் எழுந்து ஓடிச் சுவத்துல மோதிக்குவான். சில சமயம் ஆளு முழிச்சுக்கிறான், பிரேக் இன்னும் விடல. அவ்வளவுதான்."

"அப்போ மேல உக்காந்தது யாரு?"

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு தடவை லிஃப்டுல மாட்டினவரை வெளிய எடுத்தா, கூட இருந்த ஆளு எங்கேன்னு என்னையே கேட்கிறாரு. உள்ள அவர் ஒருத்தர்தான் இருந்தாரு."

அந்த நேரத்தில் மூச்சு மட்டும் நம் பேச்சைக் கேட்கும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். அதன்பிறகு இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மாட்டிக்கொண்டவர் மூக்கால் புஸ் புஸ் என்று குறுமூச்சு விட வேண்டும். கேட்டவர் வந்து வலது கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஏதாவது வீட்டு விஷயம் பேச வேண்டும். உலுக்கவோ கத்தவோ கூடாது. "அப்பனும் மகளும் நல்லா நாடகம் போடுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா முன் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள்.

மாட்டிக்கொண்டிருக்கும்போது காது நன்றாகக் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஒருமுறை மதியத் தூக்கத்தில் அப்பா அப்படிக் கிடந்தபோது, பக்கத்தில் நின்று சித்தப்பா, "அண்ணன் சரியான கஞ்சன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். விடுபட்டு எழுந்ததும் அப்பா, "கஞ்சன்தான்டா, இப்போ அதுக்கென்ன?" என்றார். சித்தப்பாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

இப்போதும் கேட்டுக்கொண்டிருந்தால்? நாலு மணி வண்டியைப் பற்றி, இவர்கள் பேசுவதையெல்லாம்? ஒரே ஒரு தடவை அந்தக் கட்டைவிரலை இழுத்துப் பார்த்துவிட வேண்டும். ஆனால் சரியாக அந்தக் காலைத்தான் அம்மா மூடி வைத்திருந்தாள்.

ஸ்ட்ரெச்சர் அடுக்குமாடியின் லிஃப்டுக்குள் நுழையுமா என்று பார்க்கச் சித்தப்பா வெளியே போனார். வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் அவர் பின்னாலேயே போனார்கள். அம்மா சமையலறைக்குள் இருந்தாள். அறையில் தனியாக இருந்த அவள் போர்வையை விலக்கிச் சாக்ஸை உருவினாள்.

கட்டைவிரலின் இரண்டு பக்கமும் தோல் உரிந்திருந்தது. நகத்தின் ஓரம் பிளந்து கருநீலம் கட்டியிருந்தது. பாதத்தின் மேல் யாரோ நகத்தால் அழுத்திப் பிடித்த பிறைத் தடங்கள் வரிசையாக இருந்தன.

"யாரு பண்ணினா இதை?" கத்தியே விட்டாள்.

"நான்தான்." அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"என்னம்மா பண்ணினே அப்பாவை?"

"இழுத்தேன்."

அம்மா வந்து காலடியில் உட்கார்ந்தாள். "விடியுற நேரம் அந்த மூச்சு கேட்டுச்சு. ஓடிவந்து எப்பவும்போல இழுத்தேன். எப்பவும்போலப் பேசினேன். கேஸ் தீரப்போகுது, குழாய் ஒழுகுது, எழுந்து பாருங்கன்னு. மூச்சு நின்னுச்சு. விட்டிருச்சுன்னு நினைச்சேன். ஆனா எழுந்துக்கல. டாக்டர் பார்த்துட்டுப் போனாரு. இவர் விஷயம் அவருக்கென்ன தெரியும்னு மறுபடியும் இழுத்தேன். உங்க சித்தப்பாதான் என் கையைப் பிரிச்சு விட்டாரு."

"எப்பவும்போலவா?" என்றாள் அவள். "நீ எப்போம்மா இழுத்தே? உனக்குத்தான் இதுல நம்பிக்கையே இல்லையே."

"நீ வேலைக்குன்னு கிளம்பிப் போயிட்டே. அதுக்கப்புறம் யாரு இழுத்தான்னு நினைச்சே?"

அவள் நினைத்ததே இல்லை. போனில் அப்பாவிடம், "மாட்டிச்சாப்பா?" என்று கேட்பாள். "மாட்டிச்சு, விட்டிருச்சு" என்பார். யார் விடுவித்தது என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. யாரையும் நம்பாமல் கேள்வி கேட்டுக் கேட்டே சம்பளம் வாங்கியவள், இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அழுகை வந்தது.

"நீ பார்த்தா தாங்கமாட்டேன்னுதான் மூடினேன். இன்னொரு சாக்ஸைத் தேடினேன், கிடைக்கல" என்றாள் அம்மா.

அவள் அந்தக் கட்டைவிரலைக் கையில் எடுத்தாள். புண்ணில் படாமல் மெதுவாக ஒருமுறை இழுத்தாள். "அப்பா, கேஸ் தீரப்போகுதாம்" என்றாள். அம்மா அவளைத் தடுக்கவில்லை. பிறகு இருவருமாகச் சாக்ஸைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கணுக்கால் வரை ஏற்றினார்கள்.

லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. படிக்கட்டு வழியாகத்தான் இறக்கினார்கள்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்ததும், சித்தப்பா அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார். அவள் அப்பாவின் கட்டிலருகே வெறும் தரையில் சாய்ந்தாள். அப்படியே கண் சொக்கிவிட்டது.

விழித்தபோது ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. எழ நினைத்தாள், முடியவில்லை. கை, கால், நாக்கு எதுவும் அசையவில்லை. பிரேக்தான், வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தெரிந்து வைத்திருப்பதால் பயம் குறைந்ததே கிடையாது, இப்போதும் குறையவில்லை. கதவோரம் ஒரு நிழல் நின்றது. நெஞ்சில் பாரம் ஏறியது. அவள் பழக்கத்தில் மூக்கால் புஸ் புஸ் என்று மூச்சை விட்டாள். விட்ட பிறகுதான் நினைவு வந்தது. இனி இதைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

நிழல் நகர்ந்தது. கிட்டே வந்தது. கால்மாட்டில் குனிந்தது.

வலது கட்டைவிரலை ஒரு கை இறுகப் பற்றி இழுத்தது. "கேஸ் தீர்ந்தேபோச்சு. காலையில சொல்லணும்" என்றது அம்மாவின் குரல். "அந்தக் குழாய் வேற ராத்திரி பூரா ஒழுகும். ஒரு பக்கெட் வைக்கணும்." பிறகு, "இன்னொரு சாக்ஸு வாஷிங் மெஷினுக்குள்ளயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, பாரேன்" என்றாள்.

முதலில் விரல்கள் விட்டன, பிறகு கை. நாக்கும் விட்டுவிட்டது. அம்மா அழுத்திப் பிடித்த இடம் வலித்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே கிடந்தாள்.