மேலே வெட்டிய பாதை

மரங்களில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். அதைக் காட்டத்தான் மோகனராஜ் மருமகனைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கார்த்திகைப் புயலில் தேயிலைத் தோட்டத்து லயம் வீடுகள் மண்ணுக்குள் போன குடும்பங்களுக்குத் தலா பத்து பேர்ச்சஸ் நிலம். அரசாங்கக் காடு என்பதால் யாரிடமும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்று பிரதேச செயலகத்தில் சொல்லியிருந்தார்களாம்.

"இதுதான் நம்ம எடம், மாப்பிள்ள. வாசல கெழக்க வச்சா அம்பிட்டிய ரோடு வரைக்கும் தெரியும்."

தினுஷன் தலையாட்டினான். அவன் கவனம் காலடியில் இருந்தது. மழை விட்டு எத்தனையோ நாளாகியும் மண் ஈரமாகவே கிடந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் தரும் ஓடை இந்தச் சரிவில்தான் ஊறித் தொடங்குகிறது. மரத்தை எடுத்துவிட்டால் இந்த மண்ணைப் பிடித்து நிறுத்த இங்கே வேறு எதுவும் இல்லை.

குண்டசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவன் புவியியல் படிப்பிக்கிறான். மனைவி சிந்துஜா அந்தப் புயலில் செத்துப் போனாள். அதன் பிறகும் நேரத்துக்கு வேலைக்குப் போனான், பிள்ளைகளின் கொப்பி திருத்தினான், கடைச் சோற்றைச் சாப்பிட்டான். அவன் அழவில்லை என்பதை மற்றவர்கள்தான் கவனித்தார்கள்.

அவனும் சிந்துஜாவும் முதலில் பார்த்துக்கொண்டதே ஹந்தானை மலையில்தான். அக்குறணையில் இரும்புக்கடை வைத்திருக்கும் ரஸீன் காட்டைக் காப்பதற்கென்று ஒரு சிறு குழு சேர்த்திருந்தார். வெயில் காலத்தில் யாராவது புல்லுக்குத் தீ வைப்பார்கள். அது காட்டுக்குள் ஏறாமல் இருக்க, குழு முன்கூட்டியே போய்ப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கி வைக்கும். மனு எழுதுவது சிந்துஜா, வரைபடம் கீறுவது தினுஷன். காட்டுக்குள் வரவிருந்த ஒரு ஹோட்டலை அப்படித்தான் தடுத்தார்கள். தொலைபேசிக் கோபுரத்துக்காக லயத்துக்கு மேலே வெட்டிய பாதையைத்தான் தடுக்க முடியவில்லை. விஷயம் காதுக்கு வரும்போது மரங்கள் விழுந்து கிடந்தன.

வெட்டியது தோட்டத்து ஆட்கள். கொந்தரப்பு வேலை, அன்றைய வேலைக்கு அன்றே கைக்காசு. மோகனராஜும் போனார். சிந்துஜா அப்பாவோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாள். பிறகு கல்யாணம் வந்தது. அந்தக் காசில் அவர் மகளுக்கு ஒரு அலுமாரி வாங்கிக் கொடுத்தார். அவள் அதில் சேலைகளை அடுக்கினாள். பேச்சு அதோடு முடிந்தது.

புயலன்று பெற்றோரைக் கீழே கூட்டி வரப் போனவள் அவள். விடியும் நேரத்தில் மண் வந்தது. மோகனராஜும் அம்மா வீரம்மாவும் முன்வாசலில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிந்துஜா பின்பக்கக் குசினியில், அடுப்பருகே இருந்தாள்.

அவளை மண்ணில் இருந்து எடுத்த பிறகு தினுஷன் தனியாக மேலே ஏறிப் போய்ப் பார்த்தான். மண் பிய்ந்தது கோபுரப் பாதையின் வெளி ஓரத்தில், வெட்டிய மண்ணைக் கொட்டியிருந்த இடத்தில். படம் எடுத்து ரஸீனுக்கு அனுப்பினான். யாருக்கும் காட்ட வேண்டாம் என்று கூடவே எழுதினான். தோட்டத்தில் எல்லோரும் மழையைத்தான் சபித்தார்கள். அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தான்.

இப்போது நாடா கட்டிய சரிவு அந்த இடத்துக்குப் பக்கத்துச் சரிவு.

அந்த வாரமே ரஸீன் அவனைத் தேடி வந்தார். புதன்கிழமை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம், செயலகத்தில் இருந்து ஆட்கள் வருகிறார்கள், சனங்களின் சம்மதத்தைக் கேட்டுவிட்டு மரத்தில் கை வைப்பார்கள் என்றார். வெளியாளான தான் போய்ப் பேசினால் மரத்துக்காக மனிதனை எதிர்க்கிறவன் என்று துரத்திவிடுவார்கள் என்றும் சொன்னார்.

"ஒங்கட மாமாக்கு வீடு வேணாம் எண்டு நான் செல்லல்ல," என்றார். "கீழ தேயிலக் காணி பத்தையடிச்சுச் சும்மா கிடக்குது. சமதரை. அதக் கேட்டா கம்பனியோட மல்லுக்கட்டணும். காட்டக் குடுத்தா ஒருத்தனும் சண்டைக்கி வரமாட்டான். நீங்க பேசல்லண்டா வேற யாரு பேசற?"

தன்னால் முடியாது என்றான் தினுஷன். ரஸீன் வற்புறுத்தவில்லை. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவன் தோட்டத்துக்குப் போனான். மாமாவிடம் தனியாகச் சொல்லிவிட்டால், சபையில் சொல்ல வேண்டியிராது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காம்பராவில் இப்போது சேலையைக் கட்டிப் பிரித்து நான்கு குடும்பங்கள் இருந்தன. ஒரு சேலைக்குப் பின்னால் மோகனராஜ் கட்டப்போகும் வீட்டின் படத்தை விரித்து வைத்திருந்தார். விறாந்தைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்டிருந்தார்.

"இது ஒங்களுக்கு," என்றார். "மக இல்லன்னா மருமகன் இல்லன்னு ஆயிருமா? லீவுக்கு வந்தா தங்கணும்ல."

வீரம்மா ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். தினுஷன் தின்றான். எதையும் சொல்லாமல் பஸ் ஏறினான்.

மறுநாள் பள்ளிக்கூட வாங்குகளில் பிள்ளைகளுக்குப் பதிலாகப் பெரியவர்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி ஒரு பெண். காணி பற்றி விளக்கிவிட்டு, யாருக்காவது மறுப்பு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று பாதிப் பேர் சொல்லும்போதே தினுஷன் எழுந்து கரும்பலகைக்குப் போனான். வகுப்பில் செய்வதுபோல மலையைக் கீறினான். ஓடை எங்கே ஊறுகிறது, வேர் போனால் மண் எந்தப் பக்கம் இறங்கும், கீழே சும்மா கிடக்கும் தேயிலைக் காணியை எல்லோரும் சேர்ந்து ஏன் கேட்க வேண்டும் என்று சொன்னான்.

"சாருக்குக் குண்டசாலையில கூரை இருக்கு," என்றான் பின் வாங்கில் இருந்த ஒருவன். "நாங்க கொரங்கோட பேசித் தீத்துக்குறோம், விடுங்க சார்."

சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை தினுஷன் நின்றான். பிறகு சோக்கால் லயத்துக்கு மேலே ஒரு கோடு இழுத்தான். அன்றைக்கு வந்த மண் இந்தப் பாதையில் இருந்து வந்தது என்றான்.

சிரித்தவனின் முகம் மாறியது. எழுந்து நின்றான்.

"அந்த ரோட்ட வெட்டுனது நாங்கதான, சார்? ஒங்க மாமாவுந்தான். அப்ப சிந்துஜாவக் கொன்னது நாங்கன்னு சொல்றீங்களா?"

மோகனராஜ் முன் வாங்கில் இருந்தார். அவர் மருமகனைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்லிவிட்டு உட்காரலாம். சொன்னால் அந்தச் சரிவில் கோடரி விழும். அதன் மேல் வீடு எழும்பும். அந்தக் குசினியில் வீரம்மா அடுப்பு மூட்டுவாள்.

"வெட்டச் சொன்னவங்க வேற," என்றான் தினுஷன். "கூலிக்குப் போனவங்கள நான் குத்தம் சொல்லல. ஆனா மண்ணு அங்கேருந்துதான் வந்துச்சு. நான் போய்ப் பாத்தேன்."

மோகனராஜ் எழுந்தார். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடினார். கிடைக்கவில்லை. வெறுங்காலோடு போனார்.

சரிவைப் பரிசோதிக்காமல் மரம் வெட்டுவதில்லை என்று அதிகாரி முடிவு சொன்னார். தேயிலைக் காணியைக் கேட்டு மேலே எழுதுவதாகவும் சொன்னார். அது எப்போது கிடைக்கும் என்று ஒரு கிழவி கேட்டபோது அவர் கோப்பை மூடினார். ரஸீன் வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். தினுஷனின் தோளைத் தொட்டார்.

காம்பரா வாசலில் வீரம்மா அவனை மறித்தாள். சேலைக்குப் பின்னால் மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"எப்பருந்து தெரியும்னு கேக்குறாரு."

"அவள எடுத்த அன்னைக்கே தெரியும், அத்த."

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள்.

"நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும். நீங்க படிச்சவரு, அவளும் அதத்தான் சொன்னா. ஆனா இனி இங்க வராதீங்க, மாப்பிள்ள. கோவம் இல்ல. ஒங்களப் பாக்குறப்பல்லாம் அவருக்கு அந்த ரோடுதான் தெரியும்."

அவன் சரி என்றான். இறங்கி நடந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழு மலையின் மறுபக்கத்தால் ஏறியது. கோபுரப் பாதையின் ஓரத்தில், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் கொட்டுமண்ணில், காட்டு மரக் கன்றுகளை நட வேண்டியிருந்தது. தினுஷன் குழி தோண்டினான். அங்கிருந்து பார்த்தால் பிள்ளைக் காம்பராவின் தகரக் கூரை நேர் கீழே தெரிந்தது. வாசலில் தண்ணீர் விழும் பீலியின் கீழே மோகனராஜ் வாளியை வைத்துவிட்டு, நிறையும்வரை குந்தியிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

வாளி நிறைந்து வழிந்தது. அவர் எழும்பவில்லை. தினுஷன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு ரஸீன் நீட்டிய கன்றை வாங்கிக் குழியில் வைத்து, மண்ணைத் தள்ளி, இரண்டு கையாலும் அழுத்தினான். கை அப்படியே நின்றது. நெஞ்சில் இருந்து அழுகை கிளம்பி வெளியே வந்தது. ரஸீன் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு பாதையின் வளைவுக்கு அப்பால் போய், அங்கே தோண்டத் தொடங்கினார்.