ஒரு டன் ஏசியும் பதினான்கு பேரும்

பெருநகர் கிராமத்தைத் தாண்டி உத்திரமேரூர் ரோட்டில் இருக்கும் அந்த பாலிடெக்னிக்கில் சின்னதாக ஒரு டேட்டா சென்டர் லேப் வரப்போகிறது என்றதிலிருந்து லேப் பொறுப்பாளர் குமரேசன் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. நான்கு சர்வர், ஒரு யூ.பி.எஸ்., ஒரு டன் ஏசி. எது எவ்வளவு கரண்ட் இழுக்கும், எவ்வளவு சூடு கக்கும் என்று ஒரு வாட் விடாமல் கணக்குப் போட்டு, லேமினேஷன் செய்து கதவில் ஒட்டிவிட்டார். மனிதர் தன் கல்யாணப் பத்திரிகையைக்கூட இத்தனை தடவை படித்திருக்க மாட்டார்.

கேபிள் இழுத்ததும் ஸ்விட்ச் மாட்டியதும் மலர்க்கொடி. மாகறல்காரி. ஆறு வருஷமாகத் தற்காலிக டெக்னீஷியன். ஆய்வுக் குழு சரி என்று சொன்னால் லேபோடு ஒரு நிரந்தரப் பணியிடமும் வரும் என்று பிரின்ஸிபால் வேதாசலம் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் கொடுத்த வாக்குகளை அடுக்க ஒரு பீரோ போதாது. இருந்தும், பாவம், இதை மட்டும் நம்பிவிட்டாள்.

நிபந்தனை இதுதான்: நான்கு சர்வரும் இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓட வேண்டும், அறை இருபத்தேழு டிகிரியைத் தாண்டக் கூடாது.

கத்திரி வெயிலில் சென்னையிலிருந்து கஸ்தூரி மேடம் தலைமையில் ஆய்வுக் குழு மூன்று பேராக வந்தது. வெளியே கொளுத்துகிறதே என்று சால்வை, பூங்கொத்து, போட்டோ எல்லாவற்றையும் வேதாசலம் லேபுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஆசிரியர்களுக்கும் திடீரென்று சர்வர் மேல் பாசம் பொங்கிவிட்டது. ஏசி மேல் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பதினான்கு பேர்.

சுவரில் இருந்த மீட்டர் இருபத்தைந்தரை காட்டியது. சோதனை முடிய இன்னும் முக்கால் மணி நேரம் பாக்கி. குமரேசன் சார் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னா மலரு, கணக்கு சரியாத்தானே கீது?”

“மெஷின் கணக்கு சரி சார். ஆளுங்கள எங்க சேத்தீங்க? ஒவ்வொருத்தரும் ஒரு குண்டு பல்பு மாரி சூடு விட்டுக்கினு கீறாங்க. பிரின்ஸிபால் சாரு ரெண்டு பல்பு.”

இருபத்தாறரை. அரை டிகிரிக்கு மேல் ஏறினால் மலர்க்கொடியின் ஆறு வருஷமும் போச்சு. ஆனால் பிரின்ஸிபாலை வெளியே போ என்று யார் சொல்வது?

“சார், ஹால்ல போண்டா வெச்சிட்டாங்களாம். ஆறுது,” என்றாள் வேதாசலத்திடம்.

அறை காலியாக ஒரு நிமிஷம் ஆகவில்லை. முதல் ஆள் வேதாசலம். வந்த விருந்தாளிகளில் கஸ்தூரி மேடம் மட்டும் நகராமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சூடு இறங்கி, இரண்டு மணி நேரம் முடிந்தபோது இருபத்து நாலரையில் நின்றது.

“ஆளுங்க போனதும் சரியாயிடுச்சே,” என்றார் மேடம். “அப்ப இதைப் பூட்டியே வெச்சிடலாம். தனியா ஒரு டெக்னீஷியன் எதுக்கு?”

தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டோமே என்று நினைத்தாள் மலர்க்கொடி.

கதவில் ஒட்டிய தாளைக் குமரேசன் சார் பிய்த்து எடுத்தார். “மேடம், நான் ஆளுங்கள மறந்துட்டேன். தப்பு என்னுது. நான் வேர்த்துக்கினு நின்னேன். எதனால சூடுன்னு பாத்து, ஒருத்தர் மனசும் நோவாம பதினோரு பேர வெளிய அனுப்புனது இவங்க. பூட்டு அதப் பண்ணாது.”

கஸ்தூரி மேடம் அவள் பக்கம் திரும்பினார். “போனவங்க ஒருத்தரும் திரும்பி வரலையே. போண்டா அவ்வளவு நல்லா இருக்கா?”

“இப்பத்தான் மாவு கரைச்சிக்கினு கீறாங்க மேடம்.”

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அறிக்கையைப் புரட்டி, ‘பணியாளர்: ஒருவர், நிரந்தரம்’ என்று எழுதி, “முழுப் பேரைச் சொல்லுங்க,” என்றார்.

ஆறு வருஷமாக வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் கிடந்த பெயர் அது. அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, கஸ்தூரி மேடம் பேனாவால் எழுதினார்.