மச்சான் வயிற்றில் எரிந்த அடுப்பு

தையல்காரர் தன் வீட்டின் பின்புறத்தில் கட்டிய பீட்சா அடுப்பு விறகில் எரியவில்லை, பக்கத்து வீட்டில் குடியிருந்த மச்சானின் வயிற்றெரிச்சலில் எரிந்தது. அந்த மச்சான் ஒரு கொத்தனார் என்பதால் தெருவில் யாருக்கும் இது பெரிய அதிசயமாகப் படவில்லை. தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டில், நடுவில் ஒரே ஒரு மதில் இருக்கும்போது, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒருவர் செங்கல்லைத் தொட்டால் எந்தக் கொத்தனாருக்குத்தான் வயிறு எரியாது? தையல்காரர் அதை மனதில் ஒன்றும் வைத்துச் செய்யவில்லை. கைப்பேசியில் நாலைந்து வீடியோ பார்த்தார், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார், துணியில் கோடு போடும் சாக்கட்டியால் தரையில் ஒரு வட்டம் போட்டார், வேலையில் இறங்கிவிட்டார். இறங்கியவர் உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாத ஒரு தப்பைச் செய்தார். பின்னால் பெரிதாக்க வேண்டியிருந்தால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்று, சட்டைக்கு உள்ளே துணி விடுவதைப் போல, அடுப்பின் கூரையிலும் செங்கல்லை உள்பக்கமாக இரண்டு விரல் மடித்து விட்டார்.

அவருக்கு ஏன் இந்த வேலை என்றால், நண்பர்களுக்காகத்தான். தையல்காரரின் நண்பர்கள் எல்லோரும் அளவு கொடுக்க வந்தவர்கள். துணி தயாரானதும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அடுத்த துணி எடுக்கும்வரை எட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்த ஏக்கத்தில்தான் அவர் எல்லோரிடமும் "நாளைக்கு வாங்களேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் அவரைச் சோம்பேறி என்று திட்டியது. உண்மையில் துணிகள் எப்போதோ தைத்து மடித்து அலமாரியில் இருக்கும். வயிற்றுக்குப் போட்டால் துணி இல்லாமலும் வருவார்கள் என்று கணக்குப் போட்டு அவர் அடுப்பைக் கட்டினார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர்கள் வந்தார்கள். மாவு பொங்கி நின்றது, தக்காளிச் சாறு தயார், சீஸ் துருவியாகிவிட்டது, விறகு மட்டும் பற்றவில்லை. மடித்து விட்ட செங்கல்லில் புகை முட்டி வாசல் வழியே திரும்பி வந்தது. வந்தவர்களில் ஒருவரான மருந்துக்கடைக்காரர் கண்ணீரும் மூக்குமாக நின்றார். புகையைப் பார்த்து மதிலுக்கு மேலே கொத்தனாரின் தலை எழும்பியது. அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரர் மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டு வைத்தார்.

"அடுப்பு ஜோரா இருக்கே, யாருங்க கட்டினது?"

"நாந்தான். சும்மா, பொழுது போகலைன்னு கட்டினேன்."

அந்த 'சும்மா'வைக் கேட்டதும் கொத்தனாரின் வயிற்றில் குப்பென்று ஏதோ பற்றியது. அதே நேரத்தில் அடுப்பும் குப்பென்று பற்றியது. செங்கல் சிவந்தது, உள்ளே தள்ளிய பீட்சா ஓரம் உப்பி, சீஸ் கொப்பளித்து வெளியே வந்தது. தையல்காரர் அதைத் துணி வெட்டும் பெரிய கத்தரியால் அளவு பிசகாமல் வெட்டிக் கொடுத்தார். ஆளுக்கு இரண்டு துண்டு தின்றுவிட்டு, அடுத்த ஞாயிறும் வருகிறோம் என்று அவர்களாகவே சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகு வருஷங்கள் ஓடின. யாரும் விறகு வாங்கவில்லை. சூடு போதவில்லையென்றால் மதில் பக்கம் திரும்பி அடுப்பைப் புகழ்வார்கள், கூடிப்போனால் மாவைப் புகழ்வார்கள். ஒருநாள் கொத்தனார் மருந்துக்கடையில் வயிற்றெரிச்சலுக்கு ஒரு மூடி சிரப் வாங்கிக் குடிக்க, இங்கே பீட்சா பாதி வேக்காட்டில் நின்றுபோனது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த சிரப் கடையில் ஸ்டாக் இருக்காது. கொத்தனாரின் சட்டைகளில் வயிற்றுப் பக்கம் மட்டும் இஸ்திரிப் பெட்டி பட்டதுபோலக் கருகியது. கொத்தனாரின் மனைவி அவற்றை மதில் வழியாகக் கொடுத்துவிடுவாள், தையல்காரர் ஒட்டுப் போட்டுத் திருப்பி அனுப்புவார். இந்தச் சட்டைகளைத் தவிர இரண்டு வீட்டு ஆம்பிளைகளுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை கிடையாது.

ஒரு தடவை வந்த சட்டையைத் தையல்காரரின் மனைவி கையில் எடுத்துப் பார்த்தாள். உடம்பு இளைத்ததற்கு ஏற்ப இரண்டு சுற்று பிடித்துத் தைத்திருந்தது. அண்ணன் சாப்பிட்டு நாளாகிறது, வாயில் வைத்ததெல்லாம் வயிற்றில் கருகிப்போகிறது என்று அண்ணி சொல்லியிருந்தாள். அன்றைக்கு ஞாயிறு. நண்பர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், முதல் பீட்சா வெந்து தட்டில் இருந்தது.

"உங்க பீட்சா வேகறதுக்கு எங்க அண்ணன் வேகணுமா?" என்று அவள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

தையல்காரருக்குச் சுருக்கென்றது. அடுப்பு அணைந்தால் ஒருத்தரும் வரமாட்டார்கள், பழையபடி துணியை ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நினைக்கவே பயமாக இருந்தது. இருந்தாலும் அந்தச் சட்டையைப் பார்த்தபிறகு மாவைத் தொட அவருக்குக் கை வரவில்லை. பீட்சாத் தட்டைத் தூக்கிக்கொண்டு மதிலடிக்குப் போனார்.

"மச்சான், எனக்குக் கட்டத் தெரியலை. முதல்லயே உங்களைக் கூப்பிட்டிருக்கணும். கொஞ்சம் வந்து பாருங்களேன்."

கொத்தனார் வாசல் வழியாகச் சுற்றி வரக்கூடப் பொறுக்காமல் மதிலேறிக் குதித்தார். தட்டை ஒரு கையில் வாங்கிக்கொண்டு அடுப்புக்குள் தலையை விட்டார். உள்ளே மடித்துவிட்ட செங்கல்லைத் தடவிப் பார்த்தார். அடுப்புக்குள்ளிருந்தே சிரிப்புச் சத்தம் வந்தது.

"யோவ் மாப்பிள்ளை, அடுப்பு என்ன வளர்ற புள்ளையா, பிரிச்சு விடறதுக்கு?"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து முழு பீட்சாவையும் ஒருத்தராகத் தின்று தீர்த்தார். "வயிறு குளிர்ந்துபோச்சுடா" என்றார். அடுப்பும் குளிர்ந்துபோனது. செங்கல்மேல் வெள்ளையாகப் பனி படிந்தது, அடுத்துத் தள்ளிய பீட்சாவைச் சுத்தியலால்தான் பெயர்த்து எடுக்க முடிந்தது. தையல்காரர் நண்பர்களைத் திரும்பிப் பார்க்கத் துணியாமல் நின்றார். யாரும் எழுந்து போகவில்லை. மருந்துக்கடைக்காரர், வீட்டில் பாலும் சர்க்கரையும் இருக்கிறதா என்று கேட்டார். அன்று எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

அந்த அடுப்பு இன்றைக்கும் ஐஸ்கிரீமுக்குத்தான். பீட்சாவுக்கென்று கொத்தனார் பக்கத்திலேயே ஒன்று கட்டினார். ரசமட்டம் வைத்து, கரணையால் இழைத்து, கண்ணாடி மாதிரி பூசி முடித்தார். நண்பர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். "அடுப்புன்னா இதுதாங்க அடுப்பு, முன்னாடி இருந்ததெல்லாம் என்ன" என்று மருந்துக்கடைக்காரர் மனம் திறந்து பாராட்டினார். தையல்காரரும் சிரித்துக்கொண்டேதான் நின்றார். விறகு இன்னும் வரவில்லை, ஆனால் புது அடுப்பு உள்ளே மெல்லச் சிவந்தது. அவருடைய மனைவி கணவரின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, சட்டையில் கருகல் வாசனை. அவள் ஒன்றும் பதறவில்லை, மாவை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. ரெண்டே ரெண்டு பீட்சாதான். அடுத்த வாரம் அண்ணனை எரியச் சொல்றேன்."