முப்பத்தாறு புள்ளி எட்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை திருட்டுச் சரக்கு. அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ ஏற்றி வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு நோட்டை என் கையில் கொடுத்தார். தேதி, காய்ச்சல், வாந்தி, வாய்ப்புண், வயிற்றுப்போக்கு என்று கட்டம் கட்டமாக இருந்தது. கடைசியில் 'குறிப்பு' என்று கட்டைவிரல் அகலத்தில் ஒரு கட்டம். ஒரு மனுஷி படுகிற பாட்டையெல்லாம் அதற்குள் அடக்கவேண்டுமாம். எழுதினேன், வழிந்தது. வழிந்ததைத்தான் படிக்கிறீர்கள்.

நான் ஹோட்டல் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக இஸ்திரி உருளையில் நிற்கிறவள். எழுத்துக் கற்றது நாற்பத்தொரு வயதில், சாப்பாட்டு இடைவேளையில் நடந்த வகுப்பில். பிழையிருந்தால் பொறுத்தருள்க என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கமாம். எதற்குப் பொறுக்கவேண்டும்? திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கங்கள் சில:

"மழை தூறிக்கொண்டிருந்த அந்தக் காலையில், அம்மாவின் கூந்தல் தலையணைமேல் ஒரு கருமேகம்போல…"

மழையே இல்லை. முடி போய்க் குளியலறைச் சாக்கடையை அடைத்துக்கொண்டது. கம்பியை விட்டுக் குத்தி எடுத்தேன். மேகமாவது மண்ணாங்கட்டியாவது.

"புற்றுநோயைப் புன்னகையால் வென்ற ஒரு தாயின்…"

ஆஸ்பத்திரிக் கையேட்டின் அட்டையில் அப்படி ஒருத்தர் சிரிக்கிறார். அவருக்கு எந்த மருந்து கொடுத்தார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. குறை சொல்லத் தெரியும்.

"என்னைப் பத்தியா எழுதற? அழகா இருந்தேன்னு போடு."

"மொட்டையா இருக்கியேம்மா."

"மொட்டையும் அழகுன்னு போடேன். உனக்கென்ன செலவு?"

3

கதையில் வரும் அம்மாமேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முதலில் எழுதியதில் அவள் பொறுமையின் சிகரமாக இருந்தாள். நிஜத்தில் சோற்றைத் தட்டோடு தள்ளி, "தகரத்தை மென்னு தின்னுற மாதிரி இருக்கு, நீயே தின்னு" என்கிறவள். அத்தை போனில், "அண்ணி, நல்லதையே நினைங்க, ரத்தம் தானா ஊறும்" என்றபோது, "நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், நீ போனை வைக்கிற மாதிரி" என்றவள்.

(அத்தை இதைப் படிக்க நேர்ந்தால்: இது வேறு அத்தை.)

4

இனித் தள்ளிப்போட முடியாது. நடந்தது இது.

வெள்ளை அணுக்கள் தரைமட்டத்துக்கு வந்துவிட்டன, காய்ச்சல் முப்பத்தெட்டு டிகிரி செல்சியஸைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். வாய்ப்புண் எரிச்சலுக்கு ஐஸ் துண்டு சப்பலாம் என்றும் அவரேதான் சொன்னார். தினம் மூன்று வேளை அம்மாவின் நாக்குக்கடியில் தெர்மாமீட்டரை வைத்தேன். முப்பத்தாறு புள்ளி எட்டு. எட்டு எழுத எனக்கு அழகாக வரும்.

புதன்கிழமை காலை தலைத்துணி கட்டிவிடும்போது நெற்றியில் கை பட்டது. என் கை உருளையில் பழகிய கை. போர்வை எந்தச் சூட்டில் கருகும் என்று தொடாமலே சொல்லும். சூடு அதிகம் என்றது. தெர்மாமீட்டர் முப்பத்தாறு புள்ளி எட்டு என்றது. கை சொன்னதை எழுத நோட்டில் கட்டம் இல்லை.

(சின்ன வயதிலேயே படித்தவர்களுக்குக் காகிதம் பொய் சொல்லும் என்று தெரிந்திருக்கும். எனக்கு எழுதியதெல்லாம் தீர்ப்பு.)

எண்ணை எழுதிவிட்டு வேலைக்குப் போனேன்.

மதியம் திரும்பி வந்தால் இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். பல்லில் ஏதோ கடகடவென்றது.

"வாயில என்னம்மா?"

"ஐஸு."

"காய்ச்சல் பாக்கறப்பவும் வெச்சிருந்தியா?"

"நீ கருவியை எடுக்கப் போவியே, அப்ப இன்னொரு துண்டு போட்டுக்குவேன். நல்ல நம்பர் வந்தா நீ வேலைக்குப் போற. இல்லேன்னா எதிர்ல உக்காந்து என் மூஞ்சியையே பாக்கற. எனக்குச் சகிக்கல."

அக்குளில் வைத்தேன். முப்பத்தொன்பது புள்ளி நாலு.

5

வார்டில் நர்ஸ் நோட்டைப் புரட்டினார். "இவ்வளவு சுத்தமா யாருமே எழுதினதில்லைங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதற்குப் பதில் என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

கிருமிக்கு மருந்து ஏறுகிறது. ரத்தத்தில் கிருமி பரவியிருக்கிறதா என்று இன்று மூன்று மணிக்குத் தெரியும். இப்போது இரண்டு இருபது. கட்டிலருகே உட்கார்ந்து எழுதுகிறேன்.

6

முடிவுகள்:

(அ) கிருமி ஓடிவிடுகிறது. அம்மா எழுந்து உட்கார்ந்து, சோறு தகரமாக இருக்கிறது என்கிறாள்.

(ஆ)

(இ) இது அம்மா சொன்னது: "நான் செத்துட்டேன், நீ அழுதுக்கிட்டே எழுதின, பரிசு குடுத்தாங்க. அப்படி முடிச்சேன்னு வெய்யி, வந்து அறைவேன்."

(ஆ-வில் எழுத்தை மட்டும் போட்டேன். மேலே எழுதக் கை வரவில்லை. எழுதினால் நடந்துவிடும் என்று இருக்கிறது.)

கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"ஐஸ் வெச்சு உன்னை ஏமாத்துனதை எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"கையில சுட்டும் நீ வேலைக்குப் போனதை?"

அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. என் முகத்தில் பார்த்திருக்கிறாள்.

"அதையும் எழுதிட்டேம்மா."

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"அப்போ சரியாப் போச்சு. நீயும் நானும் ஒண்ணு. இனிமே அந்தப் பேச்சை எடுக்காத."

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும் என்று வகுப்பு வாத்தியார் சொல்வார். அவருக்கென்ன, மூன்று மணிக்கு அவர் வேறெங்கோ இருப்பார்.

வராந்தாவில் செருப்புச் சத்தம். நர்ஸாக இருக்கலாம், சாப்பாட்டு வண்டிக்காரராகவும் இருக்கலாம். அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"முதல்ல மூஞ்சியைத் துடை. வர்றவங்க நீதான் நோயாளின்னு நினைச்சு ஊசி போட்டுடப் போறாங்க."

துடைக்கிறேன். மேலே நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கையைப் பிடித்துக்கொள்ள எனக்கு இரண்டு கையும் வேண்டும்.