கயிறு பிடித்தவர்களுக்கு மீன்

உச்சமுனைத் தீவில் கால் வைத்ததும் அந்த வெள்ளைக்காரி ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பத்து நாளாகப் பாய்க்கப்பலில் ஆடி வந்தவளுக்குத் தரையும் ஆடியது. கூட வந்த ஆறு பேரும் மணலில் தொப்பென்று உட்கார்ந்தார்கள்.

வழிகாட்டியாக அஸ்ரியாவுக்கு இதுதான் முதல் நாள். ஆலங்குடாவில் ஹோட்டல் நடத்தும் றுமைஸ் நானா காலையிலேயே சொல்லிவிட்டார். "கப்டனுக்குப் புடிச்சா இந்த சீசன் முழுக்க ஒனக்குத்தான் புள்ள. புடிக்கல்லண்டா றஸ்மிக்குக் குடுத்துருவன்."

றஸ்மி அவருடைய மச்சான். டொல்பின் காட்டக் கூட்டிப்போக அவனுடைய இயந்திரப் படகு கரையில் நின்றது.

தென்னையைப் பிடித்திருந்தவள்தான் கப்டன். "மறுபடியும் படகா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அஸ்ரியா போனை எடுத்தாள்.

"நானா, டொல்பின் வேணாம். இவங்களுக்குக் கடல் அலுத்துப்போச்சு. நான் தீவக் காட்டுறன்."

"அந்தத் தீவுல என்ன ஈக்கி? மணலும் கழுதையுந்தான் ஈக்கி!"

"நான் ஈக்கன்தானே," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

"நானாவக் கூட்டிட்டு வாறன், இரி," என்று சிரித்துக்கொண்டே றஸ்மி படகைத் திருப்பினான்.

தீவின் மறுகரையில் உடப்பு ஊர் மீனவர்கள் பாட்டுப் பாடிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலைக்குச் சொந்தக்காரர் பரமலிங்கம் சம்மாட்டி. அஸ்ரியா ஏழு பேரையும் அங்கே கூட்டிப்போய், இவர்களும் கயிறு பிடிக்கலாமா என்று கேட்டதும் அவர் சிரித்தார்.

"தங்கச்சி, இவங்கட கை கொப்பளிச்சிரும். படம் எடுத்துட்டுப் போகச் சொல்லு."

அஸ்ரியா அதை ஆங்கிலத்தில் சொன்னதும் கப்டன் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். முழுக்கக் காய்ப்பு. அந்தக் கப்பலில் பயணிகளும் பாய்க்கயிறு இழுக்க வேண்டுமாம்.

"அடேயப்பா! சரி, பிடிங்க."

பிடித்தார்கள். ஆனால் கப்பலில் இழுப்பதுபோல ஒன்று, இரண்டு என்று எண்ணி வெட்டி வெட்டி இழுத்தார்கள். கயிறு விண்ணென்று அதிர்ந்தது.

"நிப்பாட்டு! மடி கிழிஞ்சிரும்!" என்று சம்மாட்டி கத்தினார்.

மீன் சேரும் வலைப்பை அது; மடி கிழிந்தால் இத்தனை பேருடைய உழைப்பும் கடலோடு போகும். தன் சீசனும் அதோடு போகும் என்று அஸ்ரியாவுக்குத் தெரியும். முக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு கயிற்றின் முன்னால் போய் நின்றாள்.

"எண்ணாதீங்க. அவங்கட பாட்டக் கேளுங்க. பாட்டு இறங்கயில உடம்பச் சாய்ச்சிப் பின்னால நடங்க," என்று ஆங்கிலத்தில் விளக்கினாள்.

சம்மாட்டி வலை இழுக்கும் அம்பாப் பாட்டை எடுத்தார். உடப்புக்காரர்கள் பதில் பாட, ஏழு வெள்ளைக்காரர்களும் வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். பாட்டைக் கொலை செய்தாலும் கயிறு சீராக வந்தது. ஆடிய தரை எப்போது நின்றதென்று ஒருவருக்கும் நினைவில்லை.

மடி நிறையச் சூடையும் பாரையும் துள்ளின. கயிறு பிடித்த ஆளை வெறுங்கையோடு அனுப்புவது அந்த வலையில் வழக்கமில்லை. சம்மாட்டி ஆளுக்கொரு கோர்வை மீன் கொடுத்தார். கடைசிக் கோர்வை அஸ்ரியாவுக்கு.

அப்போதுதான் றுமைஸ் நானா மணலில் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் கப்டன் மீனைத் தூக்கிக் காட்டினாள். "அடுத்த கப்பலும் இங்கேதான் வரும். இந்தப் பெண்ணே கூட்டிவர வேண்டும்."

கோபத்தோடு வந்த முகம் மெல்லச் சிரிப்புக்கு மாறியது. "நான் அப்பவே நெனச்சன் புள்ள, ஒனக்குத்தான் சீசன்," என்றபடி அவர் அவள் கையிலிருந்த கொழுத்த பாரையைத் தொட்டார்.

அஸ்ரியா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க கயிறு புடிச்சீங்களா நானா?"