மூணாவது லைன்

பாகலூர் ரோட்டில் வண்டிகளுக்கு ஒயர் கட்டு செய்யும் எங்கள் கம்பெனி, ஆர்டர் இல்லாமல் மாதக்கணக்கில் மூடிக் கிடந்து மறுபடி திறந்தபோது, பழைய ஆட்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். மூணாவது லைனில் மட்டும் நாங்கள் அப்படியே திரும்பி வந்தோம். இப்போது ஐந்தாவது லைனில் நிற்கும்போதெல்லாம் அந்தக் காலைகள் ஞாபகம் வருகின்றன. ஜன்னலுக்கு வெளியே பனி விலகாமல் நிற்கும். நஞ்சம்மாக்கா தெலுங்குப் பாட்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டே டேப் சுற்றுவார். கட்டுகளை நகர்த்தும் பெல்ட் கூட அவர் மெட்டுக்கு ஓடுவதுபோல் இருக்கும்.

சூப்பர்வைசர் சுஜாதா மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒரு வாரம் பார்ப்பேன். நல்லா ஓடுச்சுன்னா லைன் இப்படியே இருக்கும். இல்லைன்னா பிரிச்சு அங்கங்க போட்டுடுவேன்."

பிரியக் கூடாது. எங்களுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

வாரக் கடைசியில், பெல்ட்டின் சுவிட்சில் நிற்பவர் லீவு. அந்த இடத்துக்கு எங்கள் லைன் மாதேஷ் போனான். ஓரத்தில் ஒரு கட்டு சிக்கிக்கொள்ள, பெல்ட்டை மெல்ல நகர்த்தி எடுத்துக்கொண்டிருந்தோம். கட்டு வெளியே வந்ததும் நஞ்சம்மாக்கா கத்தினார்: "சாலு, சாலு!"

அக்கா வீட்டுத் தெலுங்கில் அதற்குப் போதும் என்று பொருள். மாதேஷ் வீட்டுக் கன்னடத்தில் ஓட விடு என்று பொருள். முழு வேகத்தில் ஓட விட்டான். தட்டுகள் கவிழ்ந்து, கனெக்டர்கள் ஆலங்கட்டி மழைபோல் தரையெல்லாம் தெறித்தன.

மேடம் வந்தார். "யார் பண்ணது இது?"

"நான்தான் மேடம். காது சரியில்ல" என்றான் மாதேஷ்.

"அவன் காது நல்லாத்தான் இருக்குது. என் வாய்தான் சரியில்ல" என்றார் அக்கா.

"தட்டை ஓரமா வெச்சது நானு மேடம்" என்றேன். அது பொய்.

தரையில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்த எங்கள் லைன் அசோக்குமார் தலையைத் தூக்கினான். "பொறுக்குறவன் பேரையும் சேத்துக்குங்க மேடம்."

பேசிக்கொண்டே எல்லோரும் பொறுக்கினோம். டீக்கு முன்பே பெல்ட் ஓடியது. அன்றைய கணக்கும் குறையவில்லை.

திங்கட்கிழமை மேடம் எங்களைக் கூப்பிட்டார். "மத்த லைன்ல எல்லாம் புது ஆளுங்க. ஒரு தப்பு ஆச்சுன்னா அழுவுறாங்க, மறுநாள் வேலைக்கே வர்றதில்ல. லைனுக்கு ஒருத்தரா உங்கள அங்க போடறேன்."

"நல்லா ஓடுனா பிரிக்க மாட்டேன்னீங்களே, மேடம்?" என்றார் அக்கா.

"ஆமா. இவ்வளவு நல்லா ஓடும்னு நான் நெனைக்கல."

டீ இடைவேளை லைனுக்கு ஒரு நேரம். நான் வெளியே வரும்போது அக்கா உள்ளே போய்க்கொண்டிருப்பார். கதவருகே ஒரு நிமிஷம் கிடைக்கும்.

"உன் லைன்ல யாராச்சும் அழுதாங்களாடி வினோதா?"

"நேத்து ஒருத்தி அழுதாக்கா. இன்னைக்கு வந்திருக்கா."